விண்ணில் இருந்து விழுந்த பெட்டி! கருகிய தகட்டில் அழியாத எழுத்து

2003-ம் ஆண்டு பிப்ரவரி 1-ந் தேதி. அமெரிக்காவின் "கொலம்பியா" விண்கலம் 16 நாள் பயணத்தை முடித்துக்கொண்டு பூமிக்குத் திரும்பியது. தரை இறங்க இன்னும் 16 நிமிடம்தான் பாக்கி. அப்போது அது வானத்திலேயே சுக்குநூறாக உடைந்தது.

கலத்தில் இருந்த 7 பேரும் மாண்டார்கள். அரியானா மாநிலம் கர்னாலில் பிறந்த வீராங்கனை கல்பனா சாவ்லாவும் அவர்களில் ஒருவர்.

உடைந்த துண்டுகள் டெக்சாஸ் மாநிலத்தில் மழைபோல் விழுந்தன. காடு மேடு எல்லாம் தேடிப் பொறுக்கினார்கள். சுமார் 6 மாதம் கழித்து, வறண்ட ஏரி ஒன்றில் ஒரு பெட்டி கிடைத்தது. அது கம்ப்யூட்டரின் "ஹார்டு டிஸ்க்". கருகி, உருகி, வெறும் இரும்புத் துண்டு போலக் காட்சி அளித்தது.

உள்ளே என்ன?

ஹார்டு டிஸ்கின் உள்ளே கண்ணாடி போல் பளபளக்கும் வட்டத் தகடுகள் உண்டு. அவை நிமிடத்துக்குப் பல ஆயிரம் தடவை சுழலும். தகட்டுக்கு மேலே ஒரு முள் மிதந்தபடி காந்த சக்தியால் எழுதும், எழுதியதைப் படிக்கும். முள்ளுக்கும் தகட்டுக்கும் உள்ள இடைவெளி, தலைமுடியின் கனத்தில் பல ஆயிரத்தில் ஒரு பங்கு! ஒரு தூசி புகுந்தாலும் ஆபத்து.

கொலம்பியாவின் பெட்டியிலோ மூடியின் ஓரம் உருகி, மண்ணே புகுந்துவிட்டது!

இரண்டு நாள் வேலை

மின்னசோட்டா மாநிலத்தில் உள்ள "குரோல் ஆன்டிராக்" என்ற கம்பெனிக்குப் பெட்டி போய்ச் சேர்ந்தது. கெட்டுப்போன ஹார்டு டிஸ்கை மீட்பதே அந்தக் கம்பெனியின் தொழில்.

பொறியாளர் பெட்டியைத் திறந்தார். வெளியில் இருந்த மின்சாரப் பலகை முழுவதும் எரிந்து போயிருந்தது. ஆனால் தகடுகள் வளையவில்லை!  தூசி அரித்த இடங்களிலும் நல்ல வேளையாக எதுவும் எழுதப்பட்டிருக்கவில்லை.

ரசாயனத் திரவத்தால் தகடுகளைக் கழுவினார்கள். பிறகு அவற்றை வேறொரு நல்ல பெட்டியில் பொருத்தினார்கள். இரண்டே நாளில் வேலை முடிந்தது. நூற்றுக்கு 99 பங்கு விவரம் திரும்பக் கிடைத்தது!

அதே கலத்தில் இருந்து கிடைத்த வேறு இரண்டு ஹார்டு டிஸ்குகளில் இருந்து எதையும் மீட்க முடியவில்லை.

எதற்காக இந்தப் பாடு?

சுவருக்குப் பூசும் பெயிண்டைப் பாருங்கள். டப்பாவில் கெட்டியாக இருக்கும். பிரஷ்ஷால் இழுத்தால் இளகும். "செனான்" என்ற வாயுவும் ஒரு குறிப்பிட்ட நிலையில் இப்படி இளகுமா? இதுதான் விஞ்ஞானிகளின் கேள்வி. பூமியில் அதைச் சோதிப்பது கடினம். வாயுவின் எடையே அடிப்பாகத்தை அமுக்கிவிடும். அதனால்தான் விண்வெளியில் வைத்துச் சோதித்தார்கள். விவரங்களில் ஒரு பகுதி ரேடியோ மூலம் முன்பே பூமிக்கு வந்துவிட்டது. மீதி அந்தப் பெட்டியில் இருந்தது.

2008-ம் ஆண்டு முடிவு வெளியானது. ஆம், செனானும் இளகுகிறது! 7 பேரும் திரும்பவில்லை. அவர்கள் உழைத்த உழைப்பு திரும்பியது.

வீட்டில் இருப்பவர்களுக்கு

கல்யாணப் படம், குழந்தையின் முதல் நடை, கடைக் கணக்கு எல்லாம் இன்று ஹார்டு டிஸ்கில் இருக்கின்றன. அது கீழே விழுந்து "டக் டக்" என்று சத்தம் போட்டால் உடனே மின்சாரத்தை நிறுத்துங்கள். மறுபடி மறுபடி ஓட்டிப் பார்த்தால், முள் தகட்டைச் சுரண்டிவிடும். சுரண்டிய இடத்தில் இருந்ததை யாராலும் மீட்க முடியாது. வீட்டில் வைத்துத் திறக்கவும் கூடாது. தூசி இல்லாத தனி அறையில், விவரம் தெரிந்தவர்கள்தான் திறக்க வேண்டும். அதற்குச் செலவும் அதிகம்.

செலவில்லாத வழி ஒன்று உண்டு. முக்கியமானதை இரண்டு இடத்தில் எழுதி வையுங்கள். ஒன்று வீட்டில் இருக்கட்டும். மற்றொன்று வேறு இடத்தில் இருக்கட்டும்.