ஒளிப்பதிவின் அளவைகளும் வீட்டுக் கணினியும்

பாட்டும் கூத்தும் சொற்பொழிவும் நிகழ்ந்த பொழுதே மறைந்துபோம் இயல்பின. அவற்றைப் பிடித்து வைத்தற்குரிய கருவி இன்று பெரும்பாலாரின் கைத்தொலைபேசியிலேயே அமைந்துவிட்டது. ஆயினும் மண்டபத்திற் பதிந்த காட்சியை வீட்டுக் கணினியில் இட்டுப் பார்க்கும்போது, அது நின்று நின்று ஓடுவதும், ஒலி முந்த உருவம் பிந்துவதும், சிலவேளை கறுப்புத் திரை மட்டுமே தோன்றுவதும் பலர் கண்டவையே. பழி கணினியின் பழமைமீது சுமத்தப்படுகின்றது. உண்மையில், பதிவுக்கு முன்னரே கமராவில் அமைத்திருக்க வேண்டிய சில அளவைகளை நோக்காமையே பெரும்பாலும் இதற்குக் காரணமாகும். அவ்வளவைகளின் இயல்பை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

இயங்கும் படம் என்பது அசையாப் படங்களின் நிரையேயாம். அவற்றுள் ஒவ்வொன்றும் சட்டகம் எனப்படும். குறுக்கே 1920 புள்ளிகளும் நெடுக்கே 1080 புள்ளிகளும் கொண்ட சட்டகத்தில் மொத்தம் 2,073,600 புள்ளிகள் உள. ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் குறிக்க மூன்று பைற்றுகள் வேண்டும் எனக் கொண்டால், ஒரு சட்டகத்துக்கு ஏறக்குறைய 62 இலட்சம் பைற்றுகள் செல்லும். செக்கனுக்கு 25 சட்டகங்கள் எனின் 155 மெகாபைற்று. ஒரு மணி நேரத்துக்கு 560 கிகாபைற்று வரை ஆகும். வீட்டுக் கணினியின் சுழலும் வன்தட்டு இவ்வேகத்துக்கு ஈடுகொடுத்தல் அரிது. கொடுப்பினும் இரண்டொரு விழாக்களுடன் நிரம்பிவிடும். ஆதலின் எந்தக் கமராவும் காட்சியைச் சுருக்கியே எழுதுகின்றது.

இச்சுருக்கம் இருவகைத்து. ஒவ்வொரு சட்டகத்தையும் தனித்தனியே சுருக்குதல் ஒருவகை. 1995ஆம் ஆண்டளவில் வந்த டீ.வீ. நாடாக் கமராக்கள் இம்முறையையே கையாண்டன. அவற்றின் ஒருமணிப் பதிவு ஏறக்குறைய 13 கிகாபைற்று. மற்றைய வகை, முன்னைய சட்டகத்திலிருந்து மாறிய பகுதியை மட்டும் குறித்தல். வகுப்பின் வரவுப் பதிவேட்டை இதற்கு உவமையாகக் கொள்ளலாம். முதல்நாள் மாணவர் பெயர் முழுவதையும் எழுதி, அடுத்த நாள்களில் முந்திய நாளுக்குப் பின் வந்து சேர்ந்தோரையும் நீங்கினோரையும் மட்டும் எழுதினால் ஏடு பெரிதும் மிஞ்சும். ஆனால் இருபதாம் நாள் வகுப்பில் இருந்தோர் யாவர் என்று வினவினால், முதல்நாள் தொட்டு வாசித்து வந்தே விடை கூறல் வேண்டும். 2003இல் ஏற்கப்பட்ட எச்.264 என்னும் முறை இவ்வகையினது. செக்கனுக்கு 8 மெகாபிற்று என்ற வீதத்தில் ஒருமணிக் காட்சியை 3.6 கிகாபைற்றில் அடக்கவல்லது. வன்தட்டில் மிச்சமான இடத்துக்குரிய விலையைக் கணினியின் உழைப்பாற் கொடுக்கவேண்டியுளது. தொடர்ந்து பார்க்குமிடத்து இவ்வுழைப்பு தெரியாது. வெட்டித் தொகுக்கப் புகுந்து நடுவிலுள்ள ஒரு சட்டகத்தைத் தேடும்போதே கணினி திணறும்.

2013இல் வெளிவந்த எச்.265 இன்னும் நுட்பமானது. ஏறத்தாழ அதே தெளிவை மிகக் குறைந்த இடத்தில் தரும்; பிரித்தெடுக்கும் வேலையோ மிகுதி. இவ்வேலையைச் செய்தற்கெனத் தனி உறுப்பொன்று சில்லிலேயே அமைந்திருப்பின் துன்பமில்லை. இன்ரெல் சில்லுகளில் எச்.265க்குரிய முழு உறுப்பு 2015இன் ஆறாந் தலைமுறையிலேயே வந்தது. அதற்கு முற்பட்ட கணினி முழுச் சுமையையும் பொதுச் செயலியின்மேல் ஏற்றும். படம் தத்தித் தத்தி ஓடுவது இதனாலேயே. ஐபோன்களோ 2017இன் ஐஓஎஸ் 11 தொட்டு, வல்ல கருவிகளில் இம்முறையிலேயே தாமாகப் பதிகின்றன. கமரா அமைப்பினுள் 'மிகப் பொருத்தமானது' என்ற பொருள்படும் தெரிவை இட்டால் எச்.264க்கு மீளும். இச்சிறு தெரிவை அறியாது புதுக் கணினிக்குப் பணம் தேடுவோரும் உளர்.

புள்ளி எண்ணிக்கையைப் பற்றி அதிகம் சொல்லவேண்டுவதில்லை. 3840க்கு 2160 என்ற அளவு முன்சொன்னதன் நான்கு மடங்கு. 1366க்கு 768 புள்ளியுடைய மடிக்கணினித் திரையில் அந்த மிகுதி கண்ணுக்குப் புலனாகாது. உழைப்பு மட்டும் மிகும். விளம்பரத்தில் இவ்வெண்ணே பெரிதாக அச்சிடப்படுதல் வாங்குவோரை மயக்குகின்றது.

சட்டக வீதமோ ஊரின் மின்சாரத்தோடு தொடர்புடையது. இலங்கையில் மின்னோட்டம் செக்கனுக்கு 50 முறை அலைவது. குழல்விளக்கு ஒவ்வோர் அலைவிலும் இருமுறை, அஃதாவது செக்கனுக்கு 100 முறை ஒளிர்ந்து மங்கும். 25 சட்டகம் வைத்து, ஒளி புகும் நேரத்தை 50இல் ஒரு செக்கனாக அமைத்தால், ஒவ்வொரு சட்டகமும் இரு முழுத் துடிப்புகளைப் பெறும், ஒளி சமனாயிருக்கும். செக்கனுக்கு 60 அலைவுடைய அமெரிக்க மின்சாரத்தை ஒட்டிய 30 சட்டகத்தையும் 60இல் ஒரு செக்கனையும் இங்கு கொண்டால், துடிப்புகள் ஒவ்வாது வெவ்வேறாகப் பதிந்து, கருநிழற் பட்டைகள் திரையில் ஊர்ந்து செல்லும். அவற்றைப் பின்னர் கணினியில் நீக்குதல் பெரும்பாடு. கைத்தொலைபேசிகள் பல, ஒளி குறையுமிடத்துச் சட்டக வீதத்தைத் தாமே மாற்றிக்கொள்வன. தொகுக்கும்போது ஒலி விலகிச் செல்வது இதனாலேயே. காண்ட்பிரேக் போன்ற இலவச மென்பொருளால் வீதத்தை நிலைப்படுத்திய பின்னரே தொகுத்தல் நன்று.

பிற்று வீதத்தைத் தெரிதற்கு எளிய கணக்கொன்று உண்டு. செக்கனுக்கு ஒரு மெகாபிற்று எனில் மணிக்கு 450 மெகாபைற்று. 24 மெகாபிற்று எனில் 10.8 கிகாபைற்று. கோப்புகளைப் பழைய ஃபற்32 முறையில் அமைந்த தட்டிற் சேர்ப்போர் இன்னொன்றையும் நோக்குதல் வேண்டும். அங்கு ஒரு கோப்பு 4 கிகாபைற்றை விஞ்ச இயலாது. 50 மெகாபிற்று வீதத்தில் அவ்வெல்லை பதினொன்றரை நிமிடத்தில் வந்துவிடும்.

மேற்கூறியவற்றால், பத்தாண்டு பழைய கணினியுடையோர்க்கு 1080 வரி, 25 சட்டகம், எச்.264, 12 முதல் 20 மெகாபிற்று என்ற அமைப்பே ஏற்றதெனலாம். பாட விளக்கங்களுக்கும் கூட்டங்களுக்கும் இது தாராளம். ஆனால் இங்கு ஒரு தடை எழுகின்றது. கணினி நான்கைந்து ஆண்டில் மாறும். முதிய அண்ணாவியார் ஒருவரின் இறுதிக் கூத்து மீள நிகழாது. அன்றைய கணினியின் தளர்ச்சிக்கு அஞ்சி அதனைக் குறைந்த தரத்திற் பதிந்தால், விடுபட்ட நுட்பத்தைப் பின்னர் எக்கருவியாலும் சேர்த்தல் இயலாது. இத்தகையவற்றைக் கமரா தரவல்ல உயர்ந்த தரத்திலேயே பதிதல் வேண்டும். கணினியின் பொருட்டுச் செய்யத்தக்கது பிறிதொன்று: மூலத்தைத் தொடாது வைத்து, 540 வரி கொண்ட சிறு நகலொன்றைப் பதிலியாக ஆக்கி அதன்மேல் வெட்டுதல். கேடென்லைவ், டாவின்சி ரிசோல்வ் ஆகிய மென்பொருள்கள் இதற்கு வழிசெய்துள்ளன. வெட்டிமுடித்ததும் அவை மூலத்தையே எடுத்து இறுதிப் படத்தை ஆக்கும். இரவு முழுதும் கணினி உழைக்க நேரினும் காலையிற் பயன் கிட்டும்.

எவ்வமைப்பாயினும், விழாவுக்கு முதல்நாள் அதே மண்டபத்தில், அதே விளக்கொளியில் இரண்டு நிமிடம் பதிந்து, வீட்டுக் கணினியில் இட்டு, நடுவே ஒருமுறை வெட்டியும் பார்த்துக்கொள்ளுதல் தக்கது. ஓட்டிப் பார்த்தல் மட்டும் போதாது.