புற்றுக்காளான் சேகரிப்பு

புற்றுக்காளான் சேகரிப்பு என்பது, கறையான் புற்றுகளை ஒட்டி மழைக்காலத்தில் தானாக முளைக்கும் உண்ணத்தக்க காளான்களை இனங்கண்டு, பறித்து, உணவாகப் பயன்படுத்தும் வழக்கம் ஆகும். தமிழகத்தின் பல பகுதிகளில் காணப்படும் இவ்வழக்கம், சேலம் மாவட்டத்தில் ஆத்தூரைச் சுற்றியுள்ள சமவெளியிலும், அதனை அடுத்துள்ள கல்வராயன் மலை, பச்சைமலை அடிவாரங்களிலும் உண்டு. புற்றுக்காளான் நஞ்சற்றது. ஆயினும், அதே மழைக்குப் பின் அதே நிலத்தில் முளைக்கும் நச்சுக்காளான் ஒன்று தோற்றத்தில் இதனை ஒத்திருப்பதால், இரண்டையும் பிரித்தறியும் முறை இச்சேகரிப்பின் முதன்மையான பகுதியாகும்.

பெயரும் வரலாறும்

காளானுக்குப் பழந்தமிழில் ஆம்பி என்று பெயர். கறையானுக்குச் சிதல் என்ற பெயரும் உண்டு. சங்க இலக்கியங்களுள் ஒன்றான சிறுபாணாற்றுப்படை, வறிய பாணனின் அடுக்களையில் பழஞ்சுவரைக் கறையான் அரித்த புழுதியில் காளான் பூத்திருந்ததைக் குறிப்பிடுகிறது. அங்கு அது வறுமையின் அடையாளமாகக் கூறப்பட்டாலும், கறையானையும் காளானையும் ஒருங்கே கண்ட பழைய குறிப்பாக இதனைக் கொள்ளலாம்.

அறிவியலில் புற்றுக்காளான்கள் டெர்மிட்டோமைசிஸ் என்னும் பேரினத்தைச் சேர்ந்தவை. இப்பேரினத்தை 1942 இல் பிரெஞ்சுப் பூஞ்சையியலாளர் ரோஜர் ஹெய்ம் நிறுவினார். தென்னிந்தியாவில் கிடைத்த ஓர் இனத்தைச் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கே. நடராசன் 1979 இல் விவரித்து, ஹெய்மின் பெயரால் டெர்மிட்டோமைசிஸ் ஹெய்மியை எனப் பெயரிட்டார்.

கறையானும் பூஞ்சையும்

கறையான்களில் ஒரு பிரிவு பூஞ்சையை வளர்த்து உண்பதாகும். வேலைக்காரக் கறையான்கள் உலர்ந்த இலை, புல், மரத்துண்டு ஆகியவற்றைத் தின்று, அரைகுறையாகச் செரித்த கழிவைப் புற்றினுள் கொண்டுவந்து, தேனடை போன்ற துளைகளுடைய அடையாக அமைக்கின்றன. இவ்வடை பூஞ்சைத் தோட்டம் எனப்படும். அதன் மீது வளரும் பூஞ்சை, கறையானால் செரிக்க இயலாத மரப்பொருளைச் சிதைத்து உணவாக்கித் தருகிறது. இந்தக் கூட்டுவாழ்வு ஏறத்தாழ 3 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் ஆப்பிரிக்காவில் தோன்றியது எனக் கணிக்கப்பட்டுள்ளது.

நல்ல மழை பெய்து மண் ஊறியதும், பூஞ்சைத் தோட்டத்திலிருந்து காளான் முளைவிட்டு மேல்நோக்கி வளர்கிறது. அதன் குடையின் நடுவில் உள்ள கூரிய முனை கெட்டியான மண்ணைத் துளைக்க உதவுகிறது. நிலத்துக்கு மேலே தெரியும் காம்பு, நிலத்தடியில் வேர் போல நீண்டு, அடைவரை செல்கிறது. புற்றுக்காளானை அறிவதற்கு இந்த நீட்சியே சிறந்த சான்றாகும். கறையான் கூடு முழுவதும் நிலத்தடியிலேயே அமைவதும் உண்டு. அதனால் மேலே புற்று தெரியாத வரப்பிலும் மேய்ச்சல் நிலத்திலும் இக்காளான் முளைக்கக்கூடும்.

ஆத்தூர் வட்டாரம்

ஆத்தூர் வசிட்ட நதியின் கரையில் அமைந்துள்ளது. மரவள்ளி, மக்காச்சோளம், பருத்தி, மஞ்சள், பாக்கு முதலியவை இப்பகுதியின் பயிர்களாகும். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் இங்குப் பெய்வதால், ஆடி மாதம் முதல் கார்த்திகை வரை, பலத்த மழையைத் தொடர்ந்த நாட்களில் காளான்கள் தோன்றுகின்றன. இடி இடித்தால் காளான் முளைக்கும் என்ற நம்பிக்கையும் உள்ளது. இடியுடன் வரும் கனமழை மண்ணை நனைப்பதே முளைப்பதற்குக் காரணம்.

ஒரே கூட்டிலிருந்து பல ஆண்டுகள் காளான் முளைப்பதால், இடங்களை நினைவில் வைத்துக்கொள்ளும் பழக்கம் சேகரிப்போரிடம் உண்டு. நிலத்தை ஆழ உழுது சமன்செய்யும்போது புற்றுகள் அழிகின்றன. அவற்றுடன் காளானும் மறைகிறது.

அடையாளங்கள்

பெரிய வகைப் புற்றுக்காளானில் பின்வரும் கூறுகள் அனைத்தும் ஒருங்கே காணப்பட வேண்டும்:

- குடையின் நடுவில் கூரிய அல்லது மொட்டையான முகடு. அம்முகடு பெரும்பாலும் சாம்பல் அல்லது பழுப்பு நிறத்தது.
- குடையின் அடியில் உள்ள மெல்லிய தகடுகளாகிய செவுள்கள் வெண்மையாக இருந்து, முதிரும்போது இளஞ்சிவப்புச் சாயல் பெறுதல். பச்சைச் சாயல் ஒருபோதும் இராது.
- நார்த்தன்மையுள்ள, உட்குழிவற்ற காம்பு.
- மண்ணுக்குள் வேர் போல நீளும் காம்பு, கறையான் கூட்டின் அடையில் முடிதல்.

காம்பில் வளையம் இருப்பதையோ இல்லாததையோ மட்டும் கொண்டு முடிவு செய்தல் கூடாது. புற்றுக்காளானில் சில இனங்களுக்கு வளையம் உண்டு, பலவற்றுக்கு இல்லை. வேர் போன்ற நீட்சி வேறு சில காளான்களிலும் காணப்படும். அது கறையான் அடையைச் சென்று சேர்கிறதா என்பதே கருதத்தக்கது.

டெர்மிட்டோமைசிஸ் மைக்ரோகார்ப்பஸ் என்னும் சிறிய வகை இதற்கு விலக்காகும். கறையான்கள் வெளியே கொண்டுவந்து போடும் அடைத்துணுக்குகளில் இது நூற்றுக்கணக்கில் கூட்டமாக முளைக்கும். இதற்கு நீண்ட வேர்ப்பகுதி இராது. ஆகவே, அனுபவமுள்ளவர் நேரில் காட்டித் தராமல் இதனைப் பறித்தல் தகாது.

பச்சை வித்துக் காளான்

புற்றுக்காளான் எனத் தவறாகக் கருதத்தக்கது குளோரோஃபில்லம் மாலிப்டைட்டீஸ் என்னும் நச்சுக்காளான். வெப்பமண்டல நாடுகளில் மழைக்குப் பின் புல்வெளி, மேய்ச்சல் நிலம், தோட்டம் ஆகியவற்றில் இது பரவலாக முளைக்கிறது. புற்றின் அருகிலும் முளைக்கக்கூடும் என்பதால், முளைத்த இடத்தைக் கொண்டு மட்டும் இதனைத் தவிர்க்க இயலாது.

இதன் குடை 10 முதல் 30 செ.மீ. வரை அகலமுடையது. வெண்ணிறக் குடையின் மீது பழுப்பு நிறச் செதில்கள் சிதறியிருக்கும். காம்பில் மேலும் கீழும் நகர்த்தத்தக்க வளையம் இருக்கும். அடிக்காம்பு சற்றுப் பருத்து மண்ணின் மேற்பகுதியிலேயே முடிந்துவிடும். முதிர்ந்த காளானின் செவுள்கள் பச்சைச் சாயல் பெறும். இளங்காளானில் செவுள்கள் வெண்மையாகவே இருப்பதால், மொட்டு நிலையில் பறிப்பதே பெரும் ஆபத்தாகும்.

இதனை உண்டவருக்குப் பொதுவாக 1 முதல் 3 மணி நேரத்துக்குள் கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வயிற்றுவலியும் ஏற்படும். பெரியவர்கள் பெரும்பாலும் ஓரிரு நாட்களில் தேறிவிடுவர். குழந்தைகளுக்கும் முதியோருக்கும் நீரிழப்பு உயிருக்கு ஊறு விளைவிக்கலாம்.

வித்துத்தூள் சோதனை

காளானின் செவுள்களிலிருந்து உதிரும் நுண்ணிய வித்துகளின் நிறம் இனத்துக்கு இனம் வேறுபடும். முதிர்ந்த குடையைக் காம்பு நீக்கி, பாதி வெள்ளையும் பாதி கறுப்புமான தாளின் மீது செவுள் கீழ்நோக்கி இருக்குமாறு வைத்து, கிண்ணத்தால் மூடி ஓர் இரவு விட்டுவைத்தால், தாளில் தூள் படிந்திருக்கும். புற்றுக்காளானின் தூள் இளஞ்சிவப்பு அல்லது இளஞ்சிவப்பு கலந்த பாலேட்டு நிறமுடையது. குளோரோஃபில்லத்தின் தூள் பச்சை நிறமுடையது; அமானிட்டா வகைகளின் தூள் வெண்மையானது.

இச்சோதனை தவறானவற்றை விலக்கவே பயன்படும். இளஞ்சிவப்புத் தூளுடைய நச்சுக்காளான்களும் இருப்பதால், நிறம் பொருந்துவது மட்டுமே உண்ணத்தக்கது என்பதற்குச் சான்றாகாது.

தவறான நம்பிக்கைகள்

எல்லா நச்சுக்காளான்களையும் ஒரே சோதனையால் கண்டறியலாம் என்ற கருத்து உலகின் பல நாடுகளில் வழங்குகிறது. அத்தகைய சோதனை எதுவும் இல்லை.

- வெள்ளிப் பொருள் கறுத்தால் நஞ்சு என்பது தவறு. காளான் நஞ்சுகள் வெள்ளியைக் கறுக்கச் செய்வதில்லை.
- பூண்டு அல்லது அரிசியுடன் வேகவைத்து நிறமாற்றத்தைப் பார்ப்பதும் அவ்வாறே பயனற்றது.
- பூச்சி அரித்த காளான் நஞ்சற்றது என்பது தவறு. மனிதருக்கு நஞ்சாவதை நத்தைகளும் புழுக்களும் தின்னும்.
- வெண்மையான காளான் நல்லது என்பது தவறு. மிகக் கொடிய நச்சுக்காளான்களுள் சில தூய வெண்ணிறமுடையவை.
- நன்கு வேகவைத்தால் நஞ்சு முறியும் என்பது எல்லா நஞ்சுக்கும் பொருந்தாது. அமானிட்டாவின் நஞ்சு கொதிக்கவைத்தாலும் உலர்த்தினாலும் அழிவதில்லை.

காளான்களைப் பொதுவாக நல்லவை, தீயவை எனப் பிரிக்க இயலாது. குறிப்பிட்ட ஓர் இனத்தை அதன் எல்லாக் கூறுகளாலும் அறிந்திருப்பதே பாதுகாப்பான வழியாகும்.

பிற நிலப்பகுதிகளில்

ஓர் ஊரில் பெற்ற காளான் அறிவு வேறு ஊருக்குப் பொருந்தாமல் போகலாம். அமானிட்டா ஃபல்லாய்டீஸ் என்னும் காளான் ஓக் முதலிய மரங்களின் வேர்களோடு இணைந்து வாழ்வது. இதன் இளநிலை, ஆசியாவில் பரவலாக உண்ணப்படும் வைக்கோல் காளானை ஒத்திருக்கும். இரண்டின் அடியிலும் கிண்ணம் போன்ற உறை உண்டு. ஆத்திரேலியாவின் கன்பராவில், இதனை உண்ட இருவர் 2012 இன் தொடக்கத்தில் இறந்தனர். வைக்கோல் காளான் எனக் கருதி அவர்கள் இதனைச் சமைத்ததாகக் கூறப்படுகிறது. வெளிநாடுகளுக்குக் குடிபெயர்ந்த தமிழரும் இதனைக் கருத்தில் கொள்ள வேண்டும். இந்தியாவிலும், 2022 ஏப்ரலில் அசாமில் காட்டுக்காளான் உண்ட 13 பேர் உயிரிழந்தனர்.

இந்தியில் குச்சி எனப்படும் மார்செல்லா காளான் காசுமீர், இமாசலப் பிரதேசம், உத்தராகண்டம் ஆகியவற்றின் குளிர்ந்த மலைக்காடுகளில் பனி உருகும் பருவத்தில் முளைப்பது. மிகுந்த விலை பெறும் இக்காளான் ஆத்தூர் போன்ற வெப்பமான சமவெளியில் இயல்பாக முளைப்பதில்லை. இதுவும் வேகாமல் உண்டால் தீங்கு தரும். 2023 இல் அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில், ஓர் உணவகத்தில் மார்செல்லா உண்ட 51 பேர் நோயுற்றனர். அவர்களுள் 2 பேர் இறந்தனர். பச்சையாகவும் அரைவேக்காடாகவும் பரிமாறப்பட்ட காளானே இதற்குக் காரணமாகக் கருதப்பட்டது.

பறிக்கும்போது கவனிக்க வேண்டியவை

ஒவ்வோர் இடத்திலும் குறைந்தது ஒரு காளானையாவது குச்சியால் சுற்றிலும் மண்ணை அகற்றி, வேர்ப்பகுதியுடன் முழுமையாக எடுத்துப் பார்த்தல் வேண்டும். எஞ்சியவற்றை, ஒவ்வொன்றின் குடையையும் செவுளையும் பார்த்த பின், மண்மட்டத்தில் அறுத்து எடுக்கலாம். அடையைத் தோண்டி எடுத்தால் அக்கூட்டில் மீண்டும் காளான் முளைப்பது தடைப்படும்.

புற்றுகளில் பாம்புகள் தங்குவதுண்டு. ஆகவே புற்றின் துளைக்குள் கையை விடுதல் கூடாது. கறையானை ஒழிக்க மருந்து ஊற்றப்பட்ட தென்னை, பாக்குத் தோப்புகளிலும் கட்டடங்களின் ஓரங்களிலும், பூச்சிக்கொல்லி தெளிக்கப்பட்ட வயல்களிலும், சாலையோரங்களிலும், ஆலைக்கழிவு சேரும் இடங்களிலும் முளைத்ததைப் பறித்தல் கூடாது. காளான் மண்ணிலுள்ள நச்சு உலோகங்களை எளிதில் ஈர்த்துக்கொள்ளும் தன்மையுடையது. காப்புக்காடுகளில் நுழைய வனத்துறையின் இசைவு தேவை.

வெவ்வேறு வகைகளை ஒரே கூடையில் கலத்தல் தவறு. ஐயத்துக்குரிய ஒன்று கலந்துவிட்டால் அனைத்தையும் கைவிடுவதே முறை.

சமைத்தலும் உண்ணலும்

புற்றுக்காளான் விரைவில் கெடும். பறித்த அன்றே மண் நீக்கிக் கழுவி, நன்கு வேகவைத்தல் வேண்டும். குழைந்தும் நாற்றம் வீசியும் உள்ளவற்றை விலக்க வேண்டும். முதன்முறை உண்பவர் சிறிதளவே உண்ணுதல் நலம். உண்ணத்தக்க காளானும் சிலருக்கு ஒவ்வாமை தரலாம். சமைக்காத காளான் ஒன்றைத் தனியே எடுத்து வைத்தல் நன்று. எவருக்கேனும் உடல்நலம் குன்றினால், மருத்துவர்களுக்கு இனங்காண அது உதவும்.

நச்சுப் பாதிப்பு ஏற்பட்டால்

காளான் உண்டபின் வாந்தியோ வயிற்றுப்போக்கோ தோன்றினால், வீட்டு மருந்தில் காலம் கடத்தாமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். தமிழகத்தில் 108 என்ற எண்ணில் அவசர ஊர்தி உதவி பெறலாம். எஞ்சிய காளானையோ குழம்பையோ உடன் எடுத்துச் செல்லுதல் வேண்டும். அதே உணவை உண்ட அனைவரும், அறிகுறி இல்லாதவர்களும், பரிசோதிக்கப்பட வேண்டும்.

உண்ட நேரமும் அறிகுறி தோன்றிய நேரமும் மருத்துவருக்கு மிக முக்கியமான தகவல்கள். 6 மணி நேரத்துக்குப் பின்னர் தோன்றும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் அமானிட்டா நஞ்சினால் ஏற்பட்டிருக்கக்கூடும். இந்நஞ்சு கல்லீரல் உயிரணுக்களில் புரத உற்பத்தியைத் தடுக்கிறது. இரண்டாம் நாளில் நோயாளி தேறிவிட்டது போலத் தோன்றினாலும், கல்லீரல் அழிவு தொடர்ந்து நடைபெறும். பின்னர் அது வெளிப்படும்போது கல்லீரல் மாற்று அறுவையே சிலருக்கு எஞ்சிய வழியாக அமைகிறது. எனவே வாந்தி நின்றுவிட்டது என்பதைக் கொண்டு மருத்துவமனையை விட்டுத் திரும்புதல் கூடாது.

வளர்ப்புக் காளான்கள்

புற்றுக்காளானைக் கறையானின் துணையின்றி வணிக முறையில் வளர்க்க இதுவரை இயலவில்லை. அதனால் இது மழைக்காலத்தில் இயற்கையில் மட்டுமே கிடைக்கிறது. சிப்பிக்காளானும் பால்காளானும் வைக்கோலில் வளர்க்கத்தக்கவை. இவற்றின் வளர்ப்பு முறைகளைக் கோயம்புத்தூரிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரப்பி வருகிறது. புற்றுக்காளானை இனங்காணக் கல்லாதவர்கள் இவ்வளர்ப்புக் காளான்களைப் பயன்படுத்துவதே பாதுகாப்பானது.