பவர் வீடர் ஸ்டார்ட் ஆகவில்லையா? கார்புரேட்டரைக் கவனியுங்கள்!

நிலக்கடலையில் விதைத்த 45 நாட்களுக்குள் களையெடுத்து மண் அணைத்துவிட வேண்டும். அதன்பின் விழுதுகள் மண்ணில் இறங்கும் பருவம். செடியைச் சுற்றிக் கிளறக் கூடாது. களையெடுக்க ஆள் கிடைக்காத நேரத்தில் பவர் வீடரும் ஸ்டார்ட் ஆகாமல் பட்டறையில் பத்து நாள் கிடந்தால், அந்தப் பருவம் கைவிட்டுப் போய்விடும். இப்படி நிற்கும் பெட்ரோல் இன்ஜின்கள் பலவற்றில் கோளாறு இன்ஜினில் இல்லை. போன பருவத்தில் உள்ளே விட்டுவைத்த பழைய பெட்ரோலில்தான் இருக்கிறது.

என்ன நடக்கிறது?

மாதக்கணக்கில் தேங்கும் பெட்ரோல் ஆவியாகி, பிசின் போன்ற கசடாக மாறும். கார்புரேட்டர் ஜெட்டின் துளை ஊசிமுனை அளவுதான் என்பதால், சிறிது கசடே அடைத்துவிடும். இப்போது நாம் வாங்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்துள்ளது. எத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும். ஈரம் அதிகமானால் தண்ணீரும் எத்தனாலும் பிரிந்து அடியில் தங்கி, கார்புரேட்டர் கிண்ணத்தை அரிக்கும்.

முதலில் சோதியுங்கள்

புது பெட்ரோல் ஊற்றி, கயிற்றை ஏழெட்டு முறை இழுத்தபின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை என்று பொருள். நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது. பிளக்கையும் ஏர் பில்டரையும் கவனியுங்கள். சோக் போட்டால் ஓடி, எடுத்தால் நின்றால், ஜெட் அடைத்திருக்க வாய்ப்பு அதிகம். கார்புரேட்டரில் இருந்து பெட்ரோல் சொட்டினால், மிதவை ஊசியில் தூசி சிக்கியிருக்கும்.

சுத்தம் செய்யும் முறை

இது கிண்ணமும் மிதவையும் உள்ள 4 ஸ்ட்ரோக் இன்ஜினுக்கான முறை. தோளில் மாட்டும் சில பிரஷ் கட்டர்களில் ரப்பர் சவ்வு உள்ள கார்புரேட்டர் இருக்கும். அதை மெக்கானிக்கிடம் விடுங்கள். வாரண்டி காலம் முடியாத கருவியையும் பிரிக்காமல் விற்பனையாளரிடமே கொண்டு செல்லுங்கள்.

1. இன்ஜின் ஆறியபின் திறந்த வெளியில் வேலை செய்யுங்கள். அருகில் பீடி, அடுப்பு கூடாது. பிளக் கேப்பைக் கழற்றிவிடுங்கள்; தவறுதலாகக் கத்தி சுழலாது. பெட்ரோல் காக்கை மூடுங்கள்.

2. கிண்ணத்தின் அடியில் வடிகால் திருகு இருந்தால், கீழே டப்பா வைத்துத் திறந்து வடியுங்கள். தண்ணீர் முத்துகளோ துருவோ தெரிந்தால் டேங்கையும் காலி செய்யுங்கள்.

3. கிண்ணத்தைப் பிடித்திருக்கும் போல்ட்டைக் கழற்றுங்கள். பலவற்றில் 10 எம்.எம். ஸ்பேனர் பொருந்தும். கிண்ணத்தின் ரப்பர் வளையத்தைப் பத்திரப்படுத்துங்கள். கார்புரேட்டர் முழுவதையும் கழற்றுவதாக இருந்தால், ஸ்பிரிங்கும் கம்பிகளும் இருக்கும் இடத்தை முதலில் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

4. நடுத்தண்டில் உள்ள மெயின் ஜெட்டை, சரியாகப் பொருந்தும் ஸ்குரூ டிரைவரால் கழற்றுங்கள். அது பித்தளை, பொருந்தாததைப் போட்டுத் திருகினால் தலை சிதைந்துவிடும். ஜெட்டை வெளிச்சத்தில் பிடித்தால் துளை வட்டமாகத் தெரிய வேண்டும்.

5. கார்புரேட்டர் கிளீனர் ஸ்பிரே அடித்து, சிறிது நேரம் ஊறவிட்டுக் காற்றடியுங்கள். கண்ணாடி அணிவது அவசியம். ஸ்பிரே ரப்பரில் படக் கூடாது. அடைப்பு போகாவிட்டால் மெல்லிய நைலான் தூண்டில் நரம்பை விடலாம். ஊசி, இரும்புக் கம்பி வேண்டாம். துளை பெரிதானால் கரும்புகை வரும், பெட்ரோலும் வீணாகும்.

6. மிதவையைக் குலுக்கிப் பாருங்கள். உள்ளே திரவச் சத்தம் கேட்டால் மாற்ற வேண்டும். ஊசியின் முனையில் பள்ளம் விழுந்திருந்தால் ஊசியையும் மாற்றுங்கள். மிதவையின் நாக்கை வளைக்காதீர்கள். பெட்ரோல் மட்டத்தை அதுதான் நிர்ணயிக்கிறது.

7. மீண்டும் பூட்டும்போது போல்ட்டை அளவாக முடுக்குங்கள். காக்கைத் திறந்து சில நிமிடம் கசிவு இருக்கிறதா எனப் பார்த்து, சிந்தியதைத் துடைத்தபின் பிளக் கேப்பை மாட்டி ஸ்டார்ட் செய்யுங்கள்.

ஏர் பில்டர் ஸ்பாஞ்சாக இருந்தால் சோப்பு நீரில் கழுவி, நிழலில் உலர்த்தி, சில சொட்டு இன்ஜின் ஆயில் விட்டுப் பிழிந்து மாட்டுங்கள். காகித பில்டரைக் கழுவக் கூடாது.

மீண்டும் அடைக்காமல் இருக்க

ஒரு மாதத்துக்கு மேல் கருவிக்கு வேலை இல்லையென்றால், டேங்கைக் காலி செய்து, இன்ஜின் தானாக நிற்கும்வரை ஓட்டுங்கள். பிறகு கிண்ணத்தில் மிச்சம் இருப்பதையும் வடித்துவிடுங்கள். பெட்ரோலை இரண்டு, மூன்று வாரத் தேவைக்கு மட்டும் வாங்குங்கள். கெட்டுப்போன பெட்ரோலை வரப்பிலோ வாய்க்காலிலோ கொட்டாதீர்கள். மூடிய கேனில் வைத்துப் பட்டறையில் கொடுங்கள்.

களப் பணியாளர்களே, பவர் வீடர் செயல்விளக்கத்தில் கத்தி மாட்டக் கற்றுத்தரும்போதே வடிகால் திருகையும் காட்டுங்கள். அறுவடை முடிந்ததும் பெட்ரோலை வடிக்கும் ஐந்து நிமிட வேலை, அடுத்த பருவத்தில் களை முந்தாமல் காக்கும்.