களிம்பில் காட்டும் சிக்கனம்

சேலம் - உளுந்தூர்பேட்டை நெடுஞ்சாலையில், கோட்டை இருந்த பாறைக் குன்றின் அருகே அமைந்துள்ளது தியாகதுருகம். பகலெல்லாம் வாங்கிய வெயிலை அந்தப் பாறை பொழுது சாய்ந்த பிறகும் அனலாக வெளிவிட்டுக்கொண்டிருக்கும். கத்திரி வெயில் நாளில், ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழ் மடிக்கணினியைத் திறந்து வைத்துப் படிக்கும் மாணவருக்கு ஓர் அனுபவம் பழகிப்போயிருக்கும். விசிறி இரையத் தொடங்கும், விசைப்பலகை சுடும், சிறிது நேரத்தில் கணினி நடை தளர்ந்து தவழும். இணையவழி வகுப்பில் ஆசிரியரின் குரல் துண்டு துண்டாகக் கேட்கும்.

"கம்ப்யூட்டரில் வைரஸ் இருக்கும்" என்பார் ஒருவர். "நினைவகம் போதவில்லை" என்பார் இன்னொருவர். ஆனால், பல நேரங்களில் காரணம் கணினியின் உள்ளே, ஒரு கட்டைவிரல் நகத்தின் அளவே உள்ள பரப்பில் தடவப்பட்டிருக்கும் சாம்பல் நிறக் களிம்பில் இருக்கிறது.

பிராசஸர் என்று நாம் அழைக்கும் நுண்செயலி, கோடிக்கணக்கான டிரான்சிஸ்டர்களைக் கொண்ட சிலிக்கான் சில்லு. அது உட்கொள்ளும் மின்சாரம் ஏறத்தாழ முழுவதும் வெப்பமாகவே வெளிவருகிறது. சாதாரண மடிக்கணினிகளில் இது 15 வாட் முதல் 45 வாட் வரை இருக்கும். பழுதுபார்க்கும் கடைகளில் ஈயத்தை உருக்கும் பற்றவைப்புக் கோலே பெரும்பாலும் 25 வாட்தான் என்பதை நினைத்தால், அந்தச் சிறு சில்லு தாங்கும் வெப்பம் எத்தகையது என்பது புரியும்.

இந்த வெப்பத்தைச் செப்புத் தகடும் செப்புக் குழாயும் ஏந்திச் சென்று விசிறியிடம் ஒப்படைக்கின்றன. சிக்கல், சில்லும் தகடும் தொடும் இடத்தில்தான் எழுகிறது. கண்ணுக்கு வழவழப்பாகத் தெரியும் இரண்டு பரப்புகளிலும் நுண்ணிய மேடு பள்ளங்கள் உண்டு. பள்ளங்களில் காற்று தங்கிவிடும். செம்பின் வெப்பங்கடத்தும் திறன் சுமார் 400 அலகு என்றால், அதே அலகில் காற்றின் திறன் வெறும் 0.026. காற்று தங்கிய இடமெல்லாம் வெப்பத்துக்குப் பூட்டிய கதவு. அந்தப் பள்ளங்களை நிரப்புவதற்காகவே வெப்பக் களிம்பு, அதாவது தெர்மல் பேஸ்ட் தடவப்படுகிறது.

செங்கல் சுவரில் கலவை செய்யும் வேலையை இந்தக் களிம்பு செய்கிறது. கலவையில் சிமெண்டைக் குறைத்தாலும் சுவர் எழும்பும். பூசி வெள்ளையடித்துவிட்டால் வீடு வாங்குபவருக்கு எதுவும் தெரியாது. இரண்டு மழைக்காலம் கழித்து விரிசல் விடும்போதுதான் சிக்கனம் எங்கே செய்யப்பட்டது என்பது வெளிப்படும். கணினியிலும் அப்படியே.

உலகின் முன்னணி நிறுவனங்களும் இந்தச் சர்ச்சைக்கு விலக்கல்ல. மேசைக் கணினிகளுக்கான நுண்செயலிகளில் சில்லின் மேல் ஓர் உலோக மூடி இருக்கும். 2011-இல் வந்த இன்டெல் நிறுவனத்தின் 'சாண்டி பிரிட்ஜ்' வரிசையில் சில்லும் மூடியும் பற்றாசு கொண்டு இணைக்கப்பட்டிருந்தன. அதற்குப் பயன்படும் இண்டியம் என்ற உலோகத்தின் வெப்பங்கடத்தும் திறன் சுமார் 80 அலகு. 2012 ஏப்ரலில் வந்த 'ஐவி பிரிட்ஜ்' வரிசையில் பற்றாசுக்குப் பதிலாகக் களிம்பு இடம்பெற்றது. சாதாரணக் களிம்புகளின் திறன் 10 அலகுக்கும் கீழே. புதிய நுண்செயலிகள் கூடுதலாகச் சுடுகின்றன என்று பயனாளர்கள் கண்டனர். சிலர் துணிந்து மூடியைப் பெயர்த்துக் களிம்பை மாற்றிப் பார்த்தபோது வெப்பம் குறிப்பிடத்தக்க அளவு குறைந்தது. களிம்பின் தரத்தோடு, மூடியை ஒட்டிய பசையின் தடிமனால் உண்டான இடைவெளியும் குற்றவாளி என்பது பின்னர் விளங்கியது.

இது செலவைக் குறைக்கும் முயற்சி என்று விமர்சகர்கள் சாடினர். சில்லின் அளவு சிறுக்கச் சிறுக்க, மாறிமாறிச் சூடாகிக் குளிரும்போது பற்றாசில் விரிசல் விழும் ஆபத்து இருக்கிறது என்ற தொழில்நுட்பக் காரணத்தையும் சிலர் எடுத்துரைத்தனர். அந்த வாதத்தில் உண்மை உண்டு. எனினும், 2014-இல் மேம்படுத்தப்பட்ட களிம்புடன் ஒரு வரிசையை இன்டெல் வெளியிட்டதும், 2018-இல் தனது உயர்விலை நுண்செயலிகளில் பற்றாசுக்கே திரும்பி அதை ஒரு சிறப்பம்சமாக விளம்பரம் செய்ததும் கவனிக்கத்தக்கவை.

மடிக்கணினியில் அந்த உலோக மூடியும் இல்லை. சில்லின் மீது நேரடியாகவே களிம்பு பூசப்பட்டுச் செப்புத் தகடு பொருத்தப்படுகிறது. கணினி சூடாகி ஆறும்போதெல்லாம் உலோகமும் சில்லும் வெவ்வேறு அளவில் விரிந்து சுருங்குவதால், களிம்பு சிறிது சிறிதாக விளிம்புக்குத் தள்ளப்படுகிறது. தரம் குறைந்த களிம்பில் எண்ணெய் பிரிந்து, எஞ்சியது காய்ந்த மண்போல் ஆகிவிடுகிறது. சூடேறினால் இளகிப் பரவி, ஆறினால் இறுகும் மேம்பட்ட பொருள்கள் இன்று உள்ளன. அவை சில உயர்விலை மடிக்கணினிகளில் பயன்படுத்தவும் படுகின்றன. மலிவு விலைக் கணினியை வாங்குபவருக்கு அந்த வாய்ப்பு அரிது.

இதில் ஊரின் வெயிலுக்கு என்ன பங்கு? எளிய கணக்கு ஒன்றைப் பார்க்கலாம். பெரும்பாலான நுண்செயலிகள் 100 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது தம்மைக் காத்துக்கொள்ளத் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். 25 டிகிரி குளிரூட்டப்பட்ட அறையில் முழு வேகத்தில் இயங்கும் ஒரு கணினி, அறையைவிட 75 டிகிரி கூடுதலாகச் சூடாகிறது என வைத்துக்கொள்வோம். அது சரியாக 100 டிகிரியில் நிற்கும். அதே கணினி 40 டிகிரி அறைக்கு வந்தால், அதற்கு மிஞ்சியிருப்பது 60 டிகிரி இடைவெளி மட்டுமே. எனவே, அது தன் மின்நுகர்வை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தாக வேண்டும். களிம்பு காய்ந்து, முழு வேகத்தில் 75-க்குப் பதிலாக 90 டிகிரி சூடேறும் நிலை வந்துவிட்டால், மூன்றில் ஒரு பங்கைக் குறைத்தாக வேண்டும்.

அதாவது, குளிரூட்டப்பட்ட ஆய்வகத்தில் வெளியே தெரியாத குறை, தியாகதுருகத்து வீட்டில் வெளிப்பட்டுவிடுகிறது. தயாரிப்பாளர் மிச்சப்படுத்திய தொகையைக் கட்டுபவர், குளிர்சாதன வசதியில்லாத வீட்டில் வாழும் பயனாளர். வேகம் குறைவது மட்டும் இழப்பல்ல. 10 டிகிரி கூடினால் மின்னணுப் பாகங்களின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது பொறியாளர்களின் பழைய தோராயக் கணக்கு. மின்கலமும் வெப்பத்தில் விரைந்து முதுமை அடைகிறது.

ஒரு கணினிக்கு ரூ.10 என்பது யாரும் பொருட்படுத்தாத தொகை. 10 லட்சம் கணினிகளில் அது ரூ.1 கோடி. எண்ணிக்கை பெருகப் பெருகச் சபலமும் பெருகும். ஆனால், பொருளின் தரக்குறைவு நிறுவனங்களையே திருப்பித் தாக்கியதும் உண்டு. மடிக்கணினிகளில் பொருத்தப்பட்ட தனது வரைகலைச் சில்லுகளின் இணைப்புப் பொருள்களில் காணப்பட்ட பலவீனத்துக்காக 15 கோடி முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்க நேரிட்டதாக என்விடியா நிறுவனம் 2008 ஜூலையில் அறிவித்தது. பொருளின் தரத்தில் நேரும் சிறு பிழை எவ்வளவு பெரிய கணக்காக முடியும் என்பதற்கு இது சான்று.

இந்த விஷயத்தில் மற்ற மாநிலங்களைவிடத் தமிழகத்துக்குக் கூடுதல் அக்கறை இருக்க வேண்டும். மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டம் இங்கே 2011 செப்டம்பரில் தொடங்கியது. கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் கைக்கணினி அல்லது மடிக்கணினி வழங்கப்படும் என்று 2025-26 நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்டு, ரூ.2,000 கோடி ஒதுக்கப்பட்டது. ஒரே நேரத்தில் லட்சக்கணக்கில் வாங்கும் அரசுக்கு, தனிமனிதர் எவருக்கும் இல்லாத பேர வலிமை இருக்கிறது. வாடிக்கையாளர் ஒருவர் கேட்டால் சிரித்துவிட்டுப் போகும் நிறுவனம், 10 லட்சம் கணினி வாங்குபவர் கேட்டால் எழுந்து நின்று பதில் சொல்லும்.

அந்த வலிமையை இரண்டு நிபந்தனைகளாக மாற்றலாம். முதலாவது, நுண்செயலியின் வேகம், நினைவகம், சேமிப்பகம் ஆகியவற்றோடு, 40 டிகிரி சூழலில் தொடர்ந்து ஒரு மணி நேரம் இயங்கிய பிறகு கணினியின் வேகம் எவ்வளவு எஞ்சுகிறது என்பதும் ஒப்பந்தப்புள்ளியில் தகுதியாகக் குறிக்கப்பட வேண்டும். வழங்கப்படும் கணினிகளிலிருந்து சிலவற்றைத் தோராயமாக எடுத்து அரசு பொறியியல் கல்லூரிகளில் சோதித்து, முடிவை வெளியிட வேண்டும். இரண்டாவது, விசிறியைச் சுத்தம் செய்வதும் களிம்பை மாற்றுவதும் உத்தரவாதக் காலப் பராமரிப்பில் சேர்க்கப்பட வேண்டும். கல்வராயன் மலையின் வெள்ளிமலைப் பகுதி மாணவர், இதற்காகக் கள்ளக்குறிச்சிக்கு இறங்கி வந்து கைக்காசு செலவழிக்கும் நிலை கூடாது.

மத்திய அரசுக்கும் இதில் கடமை உண்டு. மடிக்கணினிகள் கட்டாயப் பதிவு ஆணையின் கீழ் வருகின்றன. ஆனால், அது பாதுகாப்பைச் சார்ந்த தரம். வெயிலில் வேகம் நிலைக்குமா என்பதை அது சொல்வதில்லை. குளிர்பதனப் பெட்டி வாங்கும்போது நட்சத்திரக் குறியீட்டைப் பார்த்து முடிவெடுக்க மக்கள் பழகிவிட்டனர். கணினிக்கும் வெப்பத் தாங்குதிறன் குறியீடு ஒன்று இருந்தால், களிம்பில் மிச்சம் பிடிப்பது சந்தையில் நஷ்டமாக முடியும். அப்போது சிக்கனத்தின் திசை தானாகவே மாறும்.

அதுவரை பயனாளர் செய்யக்கூடியவை சில உண்டு. மடிக்கணினியை மெத்தை, தலையணை மீது வைக்காமல் கடினமான பரப்பில் வைக்க வேண்டும். காற்று செல்லும் துளைகளில் தூசி அடையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மூன்று, நான்கு ஆண்டுகள் ஆன கணினி திடீரென இரைந்து தளர்ந்தால், புதியது வாங்கும் முன் களிம்பை மாற்றிப் பார்க்கலாம். சில நூறு ரூபாயில் முடியும் வேலை அது.

ஆனால், தயாரிப்பாளர் செய்த சிக்கனத்துக்கு மாணவர் பரிகாரம் தேடுவது நியாயமாகாது. நம் ஊரின் வெயில் எதிர்பாராமல் வரும் விருந்தாளி அல்ல. ஆண்டுதோறும் வரும் சித்திரையைக் கணக்கில் கொள்ளாமல் செய்யப்பட்ட கருவியை, நமக்காகச் செய்யப்பட்ட கருவி என்று சொல்ல முடியாது.