மலைநாட்டு உலையும் உதிரிச் சோறும்

சோற்றைக் குறிக்கத் தமிழில் அடிசில், அமலை, சொன்றி, புழுக்கல், பொம்மல், மூரல், மிதவை எனப் பல சொற்கள் உள்ளன. ஒரு பொருளுக்கு இத்தனை பெயர்கள் வழங்குதல், அப்பொருளை நம் முன்னோர் எத்துணை நுணுகி நோக்கினர் என்பதற்குச் சான்றாகும். பருக்கை பருக்கையாக உதிர்ந்து நிற்பதும் சோறே. குழைந்து களியாவதும் சோறே. முன்னதை விரும்புவோர் பின்னதைக் கண்டவிடத்துச் சமைத்தவளின் கைப்பக்குவத்தையே குறைகூறுவர். புதிதாக வந்த மருமகள் ஏச்சுக் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணமாவதுண்டு. ஆயினும், சோறு குழைதற்கும் உதிர்தற்கும் உரிய காரணங்கள் அரிசியிலும் நீரிலும் வெப்பத்திலும் அமைந்துள்ளன. மலைநாட்டிலோ நிலத்தின் உயரமும் அவற்றோடு சேர்ந்துகொள்கின்றது.

சிவனொளிபாதமலையின் அடிவாரத்தில், மஸ்கெலியாவுக்கு அப்பால் அமைந்தது நல்லதண்ணி. திசெம்பர்ப் பூரணை முதல் மே மாத வெசாக் பூரணை வரை, அட்டன் வழியாக வரும் யாத்திரிகர் மலையேறத் தொடங்கும் இடம் இதுவே. இது கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,200 மீற்றர் உயரத்தில் உள்ளது. கொழும்பில் நீர் 100 பாகை செல்சியசில் கொதிக்கும். மேலே செல்லச் செல்ல வளிமண்டல அமுக்கம் குறைகின்றது. அமுக்கம் குறையவே நீர் குறைந்த வெப்பத்திலேயே கொதித்துவிடுகின்றது. ஏறத்தாழ 300 மீற்றருக்கு ஒரு பாகை வீதம் கொதிநிலை இறங்கும் எனக் கொள்ளலாம். இவ்வாறு நல்லதண்ணியில் அது 96 பாகை அளவிலும், 1,868 மீற்றர் உயரமான நுவரெலியாவில் 94 பாகை அளவிலும், 2,243 மீற்றர் உயரமான சிவனொளிபாத உச்சியில் 93 பாகைக்குச் சற்றுக் குறைவாகவும் இருக்கும்.

இவ்வுண்மையை அறியாதார் பாத்திரத்தைப் பழித்த கதையொன்று உண்டு. 1835ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் சார்லசு டார்வின் தென்னமெரிக்காவின் அந்தீசு மலைத்தொடரைக் கடந்தபோது, இரவு முழுவதும் அடுப்பில் இருந்த உருளைக்கிழங்கு காலையிலும் வேகாமற் கிடந்தது. உடன்சென்ற இருவர், புதிதாக வாங்கிய பானையே இதற்குக் காரணம் என்று முடிவுசெய்தனர். உயரத்தின் செயலை அங்கே பானைமேல் ஏற்றினர். நம் வீடுகளிலோ பெண்ணின் கைமேல் ஏற்றுகின்றோம்.

இனி, உலையில் அரிசிக்கு நேர்வது யாதெனக் காண்போம். அரிசியின் பெரும்பகுதி மாப்பொருள். அஃது ஏறத்தாழ 55 பாகைக்கும் 79 பாகைக்கும் இடைப்பட்ட வெப்பத்தில், அரிசியின் இனத்துக்கேற்ப, நீரை உறிஞ்சிப் பருத்து மென்மையாகின்றது. ஆதலின் நல்லதண்ணியிலும் மலையுச்சியிலும் அரிசி வேகவே செய்யும், காலந்தான் கூடுதலாகும். மாப்பொருளில் அமைலோசு, அமைலோபெற்றின் என இரு கூறுகள் உண்டு. அமைலோசு மிகுந்த அரிசி உதிரியாகும். அமைலோபெற்றின் மிகுந்தது ஒட்டும். இலங்கையில் விளையும் நெல்லினங்களுட் பெரும்பாலானவை அமைலோசு மிகுந்தவை. எனவே உதிர்தலே நம் அரிசியின் இயல்பு எனலாம். பழைய அரிசி புத்தரிசியினும் நன்றாக உதிரும். நெல்லை ஊறவைத்து அவித்து உலர்த்திப் பெறும் புழுங்கலரிசியின் மணி இறுகி நிற்பதால், அது பச்சையரிசியினும் எளிதிற் குழையாது. தைப்பொங்கலுக்குப் புத்தரிசிப் பச்சையையே தேர்வது, பொங்கலுக்குக் குழைவே அழகு என்பதனாற் பொருத்தமாகின்றது.

மலைநாட்டிலே பிழை நேர்வது எவ்வாறு? உலை தளதளவென்று கொதிக்கின்றது; வழக்கமான நேரமும் கழிகின்றது; பருக்கையை நசுக்கினால் நடுவில் வெள்ளை முனை தெரிகின்றது. உடனே மேலும் நீர் வார்த்து, விறகைத் தள்ளி, அகப்பையாற் கிண்டுகின்றனர். திறந்த பானையில் எத்துணை விறகு எரித்தாலும் நீரின் வெப்பம் கொதிநிலைக்கு மேற் செல்லாது. நீர் விரைந்து ஆவியாவதே மிச்சம். கவ்வாத்து மலையிலிருந்து சுமந்துவந்த மிலாறு வீணாகின்றது. கிண்டுதலால் மணிகள் உடைந்து மாப்பொருள் நீரிற் கரைகின்றது. புறம் கூழாக, அகம் அரிசியாக நிற்கும் அவலம் இவ்வாறே பிறக்கின்றது.

இதனைத் தவிர்க்கும் வழி எளிது. அரிசியைக் கல் நீக்கி, இரண்டு மூன்று முறை களைதல் வேண்டும். மேலே படிந்த மாத்தூள் இதனால் நீங்கும். பின்னர் அரைமணி நேரமேனும் ஊறவைத்தால் நீர் மணியின் நடுவரை சென்று, அகமும் புறமும் ஒருசேர வேகும். பச்சையரிசிக்கு ஒன்றரை முதல் இரண்டு பங்கும், புழுங்கலரிசிக்கு இரண்டு முதல் இரண்டரைப் பங்கும் நீர் கொள்ளலாம்; அரிசிக்கும் அடுப்புக்கும் ஏற்ப இவ்வளவு சற்று மாறும். கொதி வந்ததும் கொள்ளிகளை இழுத்துத் தணலை மட்டும் விட்டு, மூடியின்மேற் பாரம் வைத்து, ஆவி வெளியேறாமற் காக்க வேண்டும். நீர் வற்றியபின் பானையை இறக்கிப் பத்து அல்லது பதினைந்து நிமிடம் மூடியைத் திறவாதிருத்தல் இன்றியமையாதது. அப்போதுதான் எஞ்சிய ஈரம் எங்கும் சமமாகப் பரவி, மணியின் மேற்புறம் இறுகும். அதன்பின் அகப்பைக் காம்பினால் மெல்லக் கிளறிவிட்டாற் சோறு பொலபொலவென்று உதிரும். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பர். அந்த ஒரு சோற்றைக் கடிகாரம் பார்த்தன்று, விரலால் நசுக்கியே அறிதல் வேண்டும்.

நிறைய நீரில் வேகவைத்துக் கஞ்சியை வடித்தாலும் சோறு உதிரியாகும் என்பது உண்மையே. ஆயினும் வடிகஞ்சியோடு உயிர்ச்சத்து பி1 போன்ற நீரிற் கரையும் சத்துகளும் போய்விடும். தீட்டிய அரிசியை உண்ட கோழிகளுக்கு வாதநோய் வருதலைச் சாவகத்திற் கண்ட எய்க்மன் 1929ஆம் ஆண்டில் நோபெல் பரிசு பெற்றார். புழுங்கவைக்கும்போது அச்சத்தின் ஒரு பகுதி மணியின் உட்புறம் சென்று தங்குகின்றது. வடிப்பவர்கள் கஞ்சியைக் கொட்டிவிடாது, உப்பிட்டுப் பருகுதல் நன்று.

தோட்டத்து மக்களுக்கு இது வெறும் சுவை பற்றிய செய்தியன்று. தேயிலை விளையும் அவ்வுயர்ந்த சரிவுகளில் நெல் விளைவதில்லை; அவர்கள் உலையில் விழும் அரிசி என்றும் வெளியிலிருந்து வந்ததே. 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்ச வேதனச் சட்டம், வேதனத்தோடு வரையறுத்த விலையில் அரிசி வழங்குதலையும் இணைத்தது. 1973, 1974ஆம் ஆண்டுகளில் அரிசி அருகித் தோட்டங்களிற் பட்டினி பரவியது. 2022ஆம் ஆண்டிற் சமையல் வாயு கிடையாதபோது, வாயு அடுப்புக்குப் பழகிய பலர் மீண்டும் விறகடுப்பை நாடினர். நாள்முழுதும் கொழுந்து பறித்து மாலையில் வீடு திரும்பும் பெண்ணுக்கு, அரைவேக்காட்டால் வீணாகும் ஒரு கொத்து அரிசியும், வீணே எரியும் ஒரு கட்டு விறகும் சிறிய இழப்பல்ல.

1679ஆம் ஆண்டில் தெனிசு பப்பன் வகுத்த அமுக்கப் பாத்திரத்தின் வழிவந்த பிரசர் குக்கர், உயரம் பறித்த வெப்பத்தை மீட்டுத் தருகின்றது. அஃதில்லாத வீட்டிலும், ஊறவைத்த அரிசியும் பாரம் வைத்த மூடியும் சற்றுப் பொறுமையும் அப்பணியிற் பெரும்பகுதியைச் செய்யும். சோறு குழைந்த நாளில் கையைப் பழிக்குமுன், உலையின் இயல்பை எண்ணிப் பார்த்தல் அறிவுடையோர்க்கு அழகாகும்.