ஓர் அம்மாவின் சந்தேகம்... 25 வருட விசாரணை! - வூபர்ன் நகரின் இரண்டு கிணறுகள்

குழாயைத் திறந்தால் ஒரு நெடி. தண்ணீரின் நிறமும் சரியில்லை, ருசியும் சரியில்லை. 1960-களின் இறுதியில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாகாணத்தில், பாஸ்டனுக்கு வடக்கே இருக்கும் வூபர்ன் நகரத்தின் கிழக்குப் பகுதி மக்கள் திரும்பத் திரும்பப் புகார் கொடுத்தார்கள். 'குடிக்கலாம், பயமில்லை' என்பதுதான் அதிகாரிகளிடமிருந்து வந்த பதில்.

அந்தப் பகுதியில் வசித்தவர் ஆன் ஆண்டர்சன். 1972-ல் அவருடைய மூன்று வயது மகனுக்கு ரத்தப் புற்றுநோய் இருப்பது தெரியவந்தது. மருத்துவமனைக்கும் கடைக்கும் போய்வரும் வழியில், அதே நோயோடு போராடும் பிள்ளைகளின் அம்மாக்களை அவர் சந்தித்தார். எல்லோரும் கிட்டத்தட்ட பக்கத்துத் தெருக்காரர்கள்! இவர்கள் எல்லோருக்கும் பொதுவானது என்ன? காற்று, இல்லையென்றால் தண்ணீர். இதை அவர் சொன்னபோது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிள்ளையின் நோயைத் தாங்க முடியாமல் காரணம் தேடுகிறார் என்றே நினைத்தார்கள். ஆறுதல் சொல்ல வந்த பாதிரியார் புரூஸ் யங்குக்கும் ஆரம்பத்தில் நம்பிக்கை இல்லை.

1979 மே மாதம் நிலைமை மாறியது. ஒரு காலி இடத்தில் யாரோ போட்டுவிட்டுப் போன 184 ரசாயன பேரல்கள் கிடந்தன. பக்கத்தில்தான் நகரத்தின் இரண்டு ஆழ்துளைக் கிணறுகள். 'ஜி' 1964-லும், 'ஹெச்' 1967-லும் பயன்பாட்டுக்கு வந்தவை. சந்தேகத்தில் தண்ணீரைப் பரிசோதித்தார்கள். 100 கோடிப் பங்கு தண்ணீரில் 267 பங்கு டிரைகுளோரோஎத்திலீன்! இயந்திர பாகங்களில் ஒட்டிய எண்ணெய்ப் பிசுக்கை நீக்கும் தொழிற்சாலை ரசாயனம் இது. கிணறுகள் உடனே மூடப்பட்டன. வேடிக்கை என்னவென்றால், தண்ணீரைக் கெடுத்தது அந்த பேரல்கள் அல்ல என்பது பிறகு தெரிந்தது. ஆனால், அவை கண்ணில் படாமல் போயிருந்தால் சோதனையே நடந்திருக்காது.

இப்போது பாதிரியார் உள்ளூர் பத்திரிகையில் அறிவிப்பு கொடுத்தார். ரத்தப் புற்றுநோய் வந்த பிள்ளைகளின் பெற்றோர் ஒன்றுகூடினார்கள். 12 பேரின் வீடுகளை வரைபடத்தில் குறித்தபோது, பாதிக்கும் மேல் கிழக்குப் பகுதியிலேயே விழுந்தன.

அரசு விசாரணை அறிக்கை 1981 ஜனவரியில் வெளியானது. 1969 முதல் 1979 வரை, இந்த அளவுள்ள ஊரில் சுமார் 5 குழந்தைகளுக்கு இந்த நோய் வந்திருக்கலாம். வந்தது 12 பேருக்கு. ஆனால், தண்ணீர்தான் காரணம் என்று சொல்ல ஆதாரம் போதவில்லை என்றது அறிக்கை. ஆன் ஆண்டர்சனின் மகன் இறந்ததும் அதே ஜனவரியில்தான். வயது 12.

ஏன் இவ்வளவு தயக்கம்? ஊரையே உலுக்க 12 குழந்தைகள் போதும். கணக்குப் போடுகிறவர்களுக்கோ அது சின்ன எண். தற்செயலாகவும் அப்படி நேரலாம். தவிர, மூடப்பட்ட கிணற்றில் 1968-லோ 1970-லோ எவ்வளவு விஷம் இருந்தது என்று யாருக்குத் தெரியும்? அப்போது யாரும் சோதிக்கவே இல்லையே! எல்லா வீட்டுக்கும் ஒரே தண்ணீரும் போகவில்லை. பல கிணறுகளின் நீர் குழாய்களில் கலந்து, தெருவுக்குத் தெரு, மாதத்துக்கு மாதம் மாறிக்கொண்டே இருந்தது.

ஹார்வர்டு புள்ளியியல் நிபுணர்கள் உள்ளூர் தன்னார்வலர்களை வைத்து வீடு வீடாக போனில் விசாரித்து, கிணற்று நீருக்கும் நோய்க்கும் தொடர்பு இருப்பதாக 1984-ல் சொன்னார்கள். 'பாதிக்கப்பட்ட ஊர்க்காரர்களே கேள்வி கேட்டால் எப்படி?' என்று விமர்சனம் எழுந்தது. எட்டு குடும்பங்கள் நீதிமன்றம் போயின. 1986-ல் டபிள்யூ.ஆர்.கிரேஸ் நிறுவனம் 80 லட்சம் டாலர் கொடுத்து சமரசம் செய்துகொண்டது. பீட்ரிஸ் நிறுவனத்தைப் பொறுப்பாக்க முடியாது என்று ஜூரி சொல்லிவிட்டது. ஜான் டிரவோல்டா நடித்த 'எ சிவில் ஆக்‌ஷன்' (1998) படம் இந்த வழக்கின் கதைதான்.

படத்தைவிட எனக்குப் பிடித்தது, அதன்பிறகு மாகாண சுகாதாரத் துறை செய்த வேலை. பழைய பம்ப் பதிவுகளையும் குழாய் வரைபடங்களையும் வைத்து, எந்தத் தெருவுக்கு எந்த மாதம் எவ்வளவு ஜி, ஹெச் தண்ணீர் போனது என்று கணினியில் கணக்கிட்டார்கள். 1969 முதல் 1989 வரை நோய் வந்தவர்கள் 21 பேர். அவர்களில் பெரும்பாலோரை, நோய் வராத மற்ற பிள்ளைகளோடு ஒப்பிட்டார்கள்.

1997-ல் முடிவு வந்தது. பிறந்த பிறகு குழந்தை குடித்த தண்ணீருக்கும் நோய்க்கும் தெளிவான தொடர்பு இல்லை. ஆனால், கர்ப்பமாக இருந்தபோது அம்மா அந்தத் தண்ணீரைக் குடித்திருந்தால், குழந்தைக்கு ஆபத்து சுமார் எட்டு மடங்கு. குடித்த அளவு கூடக் கூட ஆபத்தும் கூடியது. எண்ணிக்கை குறைவு என்பதால், அந்த 'எட்டு' மிகவும் தோராயமானது என்பதையும் ஆய்வாளர்கள் மறைக்கவில்லை. நியூ ஜெர்சியின் டாம்ஸ் ரிவர் நகரில் வேறு ரசாயனங்கள் கலந்த கிணற்று நீரை ஆராய்ந்தபோதும், பிறப்புக்கு முந்தைய காலமே சந்தேகத்துக்குள்ளானது. அங்கே பெண் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோயோடு தொடர்பு தெரிந்தது.

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, 2012-ல் டிரைகுளோரோஎத்திலீனை மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்தியது. அதற்கு அடிப்படையாக இருந்தது சிறுநீரகப் புற்றுநோய். குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய் அல்ல.

வூபர்னின் ஜி, ஹெச் கிணறுகள் 1979-க்குப் பிறகு குடிநீருக்காகத் திறக்கப்படவே இல்லை.