வெந்நீர்: எரிவாயுவா, மின்சாரமா?

சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் நோயாளிகளிடம், "சில நாட்களுக்கு வெந்நீரில் குளியுங்கள்" என்று நாங்கள் அடிக்கடி சொல்வதுண்டு. அந்த வெந்நீரை எப்படிக் காய்ச்சுவது என்பதை விளக்குவது அரிது. மழைக்காலம் தொடங்கி மார்கழிப் பனி முடியும்வரை, "எரிவாயுக் கீசர் நல்லதா, மின்சாரக் கீசர் நல்லதா?" என்று உடனிருப்போர் எங்களிடம் கேட்கின்றனர். செலவைப் பொறுத்து இதற்கு விடை கூறுவோர் பலர். உயிரைப் பொறுத்து விடை கூறுவது மருத்துவர்களாகிய எங்கள் கடமை.

ஓரிக்கையிலும் காஞ்சிபுரத்தின் பிற நெசவாளர் தெருக்களிலும் பல வீடுகள் அகலம் குறைந்து நீண்டிருப்பவை. முன்கூடத்தைத் தறி எடுத்துக்கொள்ள, குளியலறை பின்கட்டில் சிறியதாய் அமைகிறது. பனிக்காற்று புகாதிருக்க அதன் ஜன்னலையும் அடைத்துவிடுகிறோம். ஆபத்து அங்கிருந்துதான் தொடங்குகிறது.

சுடருக்கும் மூச்சு வேண்டும்

நிமிடத்திற்கு 6 லிட்டர் வெந்நீர் தரும் எரிவாயுக் கீசர், சமையல் அடுப்பின் பர்னர் ஒன்றைப்போல் ஏறத்தாழ ஐந்து மடங்கு வெப்பத்தை வெளியிடுகிறது. பத்து நிமிடக் குளியலுக்குள் அதன் சுடர் சுமார் 2 கன மீட்டர் காற்றிலுள்ள ஆக்சிஜனை எரித்துவிடும். 4 அடி அகலமும் 6 அடி நீளமும் 8 அடி உயரமும் உள்ள குளியலறையில் இருக்கும் மொத்தக் காற்றே 5.5 கன மீட்டருக்குக் குறைவுதான். ஆக்சிஜன் குறையக் குறைய எரிவாயு முழுமையாக எரியாமல் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயு உண்டாகிறது.

இவ்வாயுவிற்கு நிறமில்லை, மணமில்லை, கண்ணும் எரியாது. சிலிண்டர் கசிந்தால் நாற்றம் வருமே என்று சிலர் கருதுவர். அந்த நாற்றம், கசிவை உணர்த்துவதற்காகச் சமையல் எரிவாயுவில் சேர்க்கப்படும் பொருளின் நாற்றம். எரிந்தபின் உண்டாகும் நச்சு வாயுவில் அது இராது.

இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமந்து செல்லும் ஹீமோகுளோபின், கார்பன் மோனாக்சைடை இருநூறு மடங்குக்கும் மேற்பட்ட ஈர்ப்புடன் பற்றிக்கொள்கிறது. அதனால் நுரையீரலுக்குக் காற்று வந்தும் மூளைக்கும் இதயத்திற்கும் ஆக்சிஜன் போய்ச் சேருவதில்லை. தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல், கால் தளர்ச்சி, மனக்குழப்பம், பின்பு மயக்கம் என்று நிலைமை விரைவாக முற்றும். கதவைத் திறக்க வேண்டும் என்று தோன்றும்போது கைகால்கள் ஒத்துழைக்காமற்போகலாம்.

வலிப்பு என்று மயங்க வேண்டா

குளியலறையில் விழுந்து கிடப்பவரைக் கண்டால் குடும்பத்தினர் வலிப்பு என்றோ மாரடைப்பு என்றோ நினைப்பது இயல்பு. இத்தகைய நோயாளிகளைக் கண்ட இந்திய நரம்பியல் மருத்துவர்கள், 'கேஸ் கீசர் நோய்க்குறி' என்ற பெயரிலேயே இதனை மருத்துவ இதழ்களில் பதிவு செய்துள்ளனர். விரல்நுனியில் மாட்டும் ஆக்சிமீட்டரும் இங்கே ஏமாற்றக்கூடும். ஆக்சிஜன் ஏற்ற ஹீமோகுளோபினையும் நச்சு வாயு ஏற்ற ஹீமோகுளோபினையும் சாதாரணக் கருவி பிரித்தறியாது. அளவு இயல்பாக இருப்பதாகவே காட்டும்.

ஆகவே, "எரிவாயுக் கீசர் உள்ள குளியலறையில் மயங்கினார்" என்ற ஒரு வரியை மருத்துவரிடம் முதலில் சொல்லுங்கள். உரிய இரத்தப் பரிசோதனைக்கு அதுவே வழிகாட்டும். சாதாரணக் காற்றைச் சுவாசித்தால் இரத்தத்திலுள்ள நச்சு பாதியாகக் குறைய நான்கைந்து மணி நேரமாகும். முகமூடி வழியாகத் தூய ஆக்சிஜன் அளித்தால் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் அவ்வளவு குறையும். தெளிந்து எழுந்துவிட்டவரையும் அழைத்து வாருங்கள். சிலருக்கு மறதி, நடைத்தடுமாற்றம் போன்றவை சில நாட்களோ வாரங்களோ கழித்துத் தோன்றுவதுண்டு. கர்ப்பிணிகளின் வயிற்றிலுள்ள சிசுவுக்கு ஆபத்து இன்னும் மிகுதி.

வேனும் ஒரு சிறிய அறையே

காஞ்சிக்குத் திருக்கோயில் வழிபாட்டிற்காகவும், மருத்துவமனைக்கு நோயாளிக்குத் துணையாகவும் வேன்களில் வருவோர் அடுப்பும் சிலிண்டரும் கொண்டுவருவதைக் காண்கிறோம். 2019-இல் அத்திவரதர் தரிசனம் நடந்த 48 நாட்களில் ஊரெங்கும் வெளியூர் வண்டிகள் நின்றதை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். கண்ணாடிகளை ஏற்றிவிட்ட வேனுக்குள் நீர் காய்ச்சுவது, அடைத்த குளியலறையில் கீசர் எரிப்பதற்கு ஒப்பானது. 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில் சாலையோரம் நின்ற கேரவன் வண்டிக்குள் இருவர் இறந்தனர். வண்டியின் ஜெனரேட்டர் வெளியிட்ட கார்பன் மோனாக்சைடு உள்ளே புகுந்ததே காரணம் என்று ஆய்வில் தெரியவந்தது.

வெளிநாடுகளில் காரின் பின்னே இழுத்துச் செல்லும் வீட்டுவண்டிகளில் வெந்நீர்க் கலனை வண்டிச் சுவரில் பதித்திருப்பர். சுடருக்கான காற்று வெளியிலிருந்து வரும். புகையும் வெளியிலேயே போய்விடும். மின் இணைப்பு உள்ள இடத்தில் மின்சாரத்தாலும், இல்லாத இடத்தில் எரிவாயுவாலும் அதே கலனைச் சூடாக்குவர். வண்டியின் 12 வோல்ட் பேட்டரியால் இந்த வேலை ஆகாது. 2000 வாட் கீசருக்கு அது 160 ஆம்பியருக்கும் மேல் தர வேண்டியிருக்கும்.

நம் ஊர்ச் சாயப்பட்டறைகளில் பட்டு நூலை வேகவைக்கவும் சாயமேற்றவும் எவ்வளவோ வெந்நீர் காய்ச்சுகிறார்கள். அந்த அடுப்புகள் காற்றோட்டமுள்ள கொட்டகையில் எரிகின்றன. வீட்டிலும் வண்டியிலும் நாம் கொள்ள வேண்டிய விதி அதுவே: சுடர் வெளியே இருக்கட்டும், வெந்நீர் மட்டும் உள்ளே வரட்டும்.

மின்சாரக் கீசரின் ஒழுங்கு

மின்சாரக் கீசரில் சுடரில்லை. ஆகவே இந்த நச்சு வாயுவும் இல்லை. ஆயினும் ஈரமும் மின்சாரமும் ஒரே அறையில் இருக்கின்றன. 16 ஆம்பியர் பிளக், முறையான எர்த் இணைப்பு, 30 மில்லியாம்பியர் மின்கசிவிலேயே இணைப்பைத் துண்டிக்கும் பாதுகாப்பு சுவிட்ச் ஆகிய மூன்றும் இன்றியமையாதவை. 15 லிட்டர் நீரை 25 டிகிரியிலிருந்து 50 டிகிரி செல்சியசுக்குச் சூடாக்க 2000 வாட் கீசருக்குக் கால்மணி நேரத்திற்கும் குறைவாகவே ஆகும். எனவே முன்னதாகப் போட்டு, நீர் சூடானதும் அணைத்துவிட்டுக் குளிக்கச் செல்லலாம். கலனில் நீர் நிரம்பும் முன் சுவிட்சைப் போடாதீர்கள். அழுத்தம் மிகும்போது நீரை வெளியேற்றும் பாதுகாப்பு வால்வு சொட்டுகிறதென்று அதனை அடைத்துவிடாதீர்கள். வாளியில் இடும் ஹீட்டர் ராடைப் பயன்படுத்துவோர், பிளக்கைக் கழற்றிய பின்பே நீரில் கைவைக்க வேண்டும்.

சூட்டின் அளவு

60 டிகிரி வெந்நீர் சில வினாடிகளில் தோலை ஆழமாக வேகவைத்துவிடும். குழந்தைகளின் தோலும் முதியோரின் தோலும் மெல்லியவை. நீண்டநாள் சர்க்கரை நோயால் காலில் உணர்ச்சி குன்றியவர்களுக்குச் சூடே தெரியாது. கீசரை 50 டிகிரிக்கு மேல் வைக்காதீர்கள். முதலில் தண்ணீர், பிறகு வெந்நீர் என்ற வரிசையில் கலந்து, நல்ல உணர்ச்சியுள்ள ஒருவர் முழங்கையால் தொட்டுப் பார்க்கட்டும். வெந்துவிட்டால் குழாய்நீரை 20 நிமிடம் ஓடவிட்டுக் குளிர்வியுங்கள். பற்பசை, மை, மஞ்சள் எதுவும் வேண்டா.

ஆபத்து நேர்ந்தால்

உள்ளே சென்றவர் அழைத்தும் பதிலளிக்காவிட்டால் கதவைத் திறந்து அவரை வெளிக்காற்றுக்குக் கொண்டுவாருங்கள். கீசரை அணைத்து, ஜன்னல்களைத் திறந்து, 108-ஐ அழையுங்கள். நீங்களும் உள்ளே நெடுநேரம் நிற்காதீர்கள். மின் அதிர்ச்சி என்று ஐயம் எழுந்தால், மெயின் சுவிட்சை அணைக்கும்வரை அவரைத் தொடவேண்டா. எரிவாயு நாற்றம் வந்தால் சுவிட்ச் எதையும் போடாமலும் அணைக்காமலும் ரெகுலேட்டரை மூடி, ஜன்னல்களைத் திறந்து, வெளியேறி 1906-ஐ அழையுங்கள்.

இனி தொடக்கக் கேள்விக்கு வருவோம். கருவியை வெளிச்சுவரில் பொருத்திக் குழாய்வழி வெந்நீர் கொண்டுவர இயலுமாயின் எரிவாயுவும் ஏற்றதே. அதற்கு இடமில்லாத வீட்டில், முறையாக எர்த் செய்யப்பட்ட மின்சாரக் கீசரே எங்கள் பரிந்துரை. ஏற்கெனவே குளியலறைக்குள் எரிவாயுக் கீசர் வைத்திருப்போர் அதனை வெளியே மாற்றும்வரை வெந்நீரை வாளியில் பிடித்துக்கொண்டு, கீசரை அணைத்து, கதவையும் ஜன்னலையும் சற்று நேரம் திறந்து வைத்த பின்பே குளிக்க வேண்டும். முதியவர் குளிக்கையில் உள்தாழ்ப்பாள் வேண்டா. கதவருகே ஒருவர் அவ்வப்போது குரல் கொடுத்தபடி இருக்கட்டும்.